காவல் கூலி

முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலில்
கடைசி மடைக்கும் அப்பால் சுகிர்தனின் எட்டு ஏக்கர்.
நெல் பால் பிடிக்கிற கிழமை.
யானைகளுக்கும் அது தெரியும்.

இன்று சூரியன் எழும்பியது ஆறு பத்தொன்பதுக்கு.
பாலைமரங்களுக்குள் விழுந்தது ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு.
சிகரெட் மட்டையில் குறித்துக்கொண்டேன்.
ஆனியில், வேலையில்லாத ஒரு நாள் எழுதிய மட்டையும்
சட்டைப்பையில் இருக்கிறது.
கழித்துப் பார்த்தேன்:
ஆனி இரவைவிட மார்கழி இரவு
ஒரு மணியும் ஐந்து நிமிடமும் நீளம்.
கூலி இரவுக்கு இரண்டாயிரம்.
நீளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பரணில் ஏறி இருந்ததும் தர்மினி வீடியோவில் வந்தாள்.
நோர்வேயின் உச்சியில் மீன் ஆலை, நீலக் கையுறை.
அங்கே மத்தியானம் ஒன்றரை.
யன்னலில் கறுப்பு.
“திரை போட்டிருக்கிறியா?”
“இல்லையண்ணா, வெளியே அதுதான் கிடக்கு.”
கார்த்திகையில் போன சூரியன்
நாங்கள் பொங்கிப் படைத்து ஒரு கிழமை கழித்துத்தான்
மலைக்கு மேலால் எட்டிப் பார்க்குமாம்.
“அப்ப பொங்கலுக்கு எதைக் கும்பிடுவாய்?”
“அடுப்பை.”

அவள் போனபின் ஒரு விளாம்பழம் எடுத்தேன்.
சைக்கிள் கம்பி ஒன்றைக் காம்பு வழியே குத்தி
அடிப்பக்கம் வரவிட்டேன்.
டோர்ச்சைப் பரண் பலகையில் வைத்துக் கொளுத்தினேன்.
கம்பியை நட்டுக்கு நிறுத்திச் சுழற்றினால்
ஓட்டில் எந்த இடத்துக்கும் பாதி வெளிச்சம், பாதி இருட்டு,
வழக்கே இல்லை.
சற்றுச் சரித்தேன், உச்சி டோர்ச்சுக்கு முதுகு காட்ட.
எத்தனை சுற்றுச் சுற்றினாலும்
காம்படியில் ஒரு வட்டம் இருட்டிலேயே நின்றது:
தர்மினியின் யன்னல்.
நடுவயிற்றுக்கு ஒரு நகக்கண் மேலே
சுண்ணாம்பால் புள்ளி வைத்தேன்: நான்.
என் புள்ளி வெளிச்சத்துக்குள் வந்தது, போனது,
இருட்டில் கொஞ்சம் கூடத் தங்கியது. கொஞ்சம்தான்.

கம்பியின் சரிவை மாற்றாமல்
டோர்ச்சின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனேன்.
அதே பழம், அதே சரிவு.
இப்போது காம்படி வட்டம் அணையவேயில்லை.
அவளுக்கு ஆனி.
எனக்கு வெளிச்சத்தில் அந்தக் கொஞ்சம்.
ஆக, நெருங்குவதும் விலகுவதும் இல்லை இது.
வளைந்து கொடுக்காத ஒரு கம்பி
எப்போதும் துருவ வெள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பது.
அந்த வெள்ளி அவளுக்கு உச்சந்தலைப் பக்கம்.
எனக்கு, வீரைமரக் கொப்புகளுக்குக் கீழே எங்கோ;
ஒருநாளும் கண்டதில்லை.

வருசம் முழுக்கக் கூட்டினால்
இரண்டு பேருக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான்.
அவளுக்குத் தாளாகக் கொடுத்துத் தாளாகப் பறிக்கிறது,
எனக்குச் சில்லறையில்.

சுகிர்தனுக்குப் போன் எடுத்து
அறுபத்தைந்து நிமிடக் காசைக் கேட்டேன்.
நித்திரைக் குரலிலும் அவன் கெட்டிக்காரன்:
“அப்ப ஆனி இரவுக்குக் குறைக்கட்டோ அண்ணை?
வருசத்துக்குச் சரிவரும்.”

வருசத்துக்குச் சரிவரும்.
ஆனால் சிறுபோகத் தண்ணீர் இந்த மடை வரைக்கும் வராது.
ஆனியில் இங்கே விதைப்பில்லை, காவலில்லை,
குறைப்பதற்குக் கூலியுமில்லை.
நீள இரவுகளுக்கு மட்டும் கூப்பிடப்படுகிறவன்
பூமியின் ஐந்தொகையில் எந்தப் பக்கம் வருவான்?

இரண்டு மணிக்குப் பிறகு
வரம்போரம் இருட்டின் ஒரு துண்டு தனியாக அசைந்தது.
சூரியனைத் தூக்கி அதன் நெற்றிக்கு அடித்தேன்.
வெடி கொளுத்தினேன். தகரம் தட்டினேன்.
பூமி எப்போது கைதவறி விழுந்ததென்று தெரியவில்லை.

விடிந்து இறங்கித் தேடினேன்.
பரணடியில் வளைந்த கம்பி மட்டும்.
யானை உண்ட விளங்கனிக்கு
ஓடாவது முழுசாய் மிஞ்சும் என்பார்கள்.
பொய்.

மட்டையில் எழுதினேன்: ஆறு பத்தொன்பதரை.
நேற்றுத்தான் மிக நீண்ட இரவு.
இன்று பகல் வளரத் தொடங்கியிருக்க வேண்டும்.
விடியலோ இன்னும் அரை நிமிடம் பிந்துகிறது.
இதற்கு ஒரு விளாம்பழம் காணாது.